தணிக்கைக்கு ஒரு தணிக்கை

வால்கிரிண்ட் என்ற கட்டற்ற மென்பொருளின் புதிய பதிப்பு அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் ஏப்ரலிலும் அக்டோபரிலும் வெளியாகிறது. அதற்குச் சில நாள் முன்னதாக, பதிப்பெண்ணின் பின்னால் 'ஆர்சி1' என்ற ஒட்டுடன் ஒரு மூலநிரல் பொதி வரும். உங்கள் கணினியில் ஓட்டிப் பார்த்துக் கோளாறு இருந்தால் சொல்லுங்கள் என்பதுதான் அதனுடன் வரும் கோரிக்கை. பெரிய புகார் எதுவும் வராவிட்டால், சிறு திருத்தங்களோடு அதுவே முழுப் பதிப்பாகிவிடும். இடைப்பட்ட அந்தச் சில நாட்களில் சோதிப்பவர் எதைச் சோதிக்க வேண்டும்?

வழக்கமான மென்பொருள் என்றால் இதற்கு விடை சொல்வது எளிது. நிறுவு, பயன்படுத்து, கவிழ்ந்தால் தெரிவி. ஆனால் வால்கிரிண்ட் பிற நிரல்களின் நினைவகக் கணக்கைச் சரிபார்க்கும் கருவி. அதன் விளைபொருளே தீர்ப்புதான். அந்தத் தீர்ப்பு இரண்டு விதமாகத் தவறலாம். இல்லாத பிழையை இருப்பதாகச் சொல்லலாம்; இருக்கும் பிழையைச் சொல்லாமல் விடலாம். முதல் வகைத் தவறைக் கண்டு எரிச்சலடைந்த யாராவது ஒருவர் புகார் எழுதிவிடுவார். இரண்டாவது வகையைப் பற்றி யாரும் எழுத மாட்டார்கள், ஏனென்றால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. முன்வெளியீட்டுச் சோதனை என்ற பெயரில் நடப்பதில் பெரும்பகுதி முதல் வகையைச் சுற்றியே நின்றுவிடுகிறது. கடினமான வேலை இரண்டாவதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கருவி தேடும் பிழை எத்தகையது என்பதை ஒரு சொல்லை வைத்தே பார்த்துவிடலாம். 'தமிழ்' என்பது யூனிகோடில் ஐந்து குறிகள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. சி மொழியில் சரம் முடிந்தது என்று காட்ட ஒரு சுழியம் வேண்டும். அதையும் சேர்த்தால் 16. நிரல் எழுதியவர் மற்ற கணக்கையெல்லாம் ஒழுங்காகப் போட்டுவிட்டு, சுழியத்தை மட்டும் மறந்து, நினைவகம் ஒதுக்கிக் கொடுக்கும் மாலக் என்ற செயல்கூறிடம் 15 பைட் கேட்டு வாங்குகிறார். நிரல் ஓடுகிறது. நாளைக்கும் ஓடும். 64 பிட் லினக்ஸில் ஜிலிப்சி என்ற சி நூலகத்தின் மாலக், 15 கேட்டவருக்கும் 24 பைட் புழங்கக்கூடிய துண்டைத்தான் தருகிறது. எல்லை தாண்டிய ஒரு பைட் யாருக்கும் உரிமையில்லாத இடத்தில் போய் விழுந்துவிடுகிறது. அதே நிரலுக்கு ஒரு நாள் 'நினைவகம்' என்ற சொல் உள்ளீடாக வருகிறது. எட்டுக் குறிகள், 24 பைட். இந்த முறை அந்தச் சுழியம் அடுத்த துண்டின் அளவைக் குறித்து வைத்திருக்கும் இடத்தின் மேல் விழும். நிரல் அப்போதே கவிழாது. வெகுநேரம் கழித்து, இதற்குச் சற்றும் தொடர்பில்லாத ஓரிடத்தில் மாலக்கையோ, வாங்கியதை விடுவிக்கும் ஃப்ரீயையோ அழைக்கும்போது கவிழும். பிழை நடந்தது ஓரிடம், சாவு வேறிடம் என்பதுதான் இந்த வகைப் பிழைகளின் கொடுமை.

இவை அரிய பிழைகளும் அல்ல. 1988 நவம்பரில் இணையத்தை முடக்கிய மோரிஸ் புழு உள்ளே நுழைந்த வழிகளில் ஒன்று, எல்லை பார்க்காமல் உள்ளீட்டை வாங்கிய ஒரு நிரல்தான். மைக்ரோசாஃப்ட் தன் பாதுகாப்புத் திருத்தங்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு நினைவகப் பிழைகளைச் சேர்ந்தவை என்று 2019இல் சொன்னது. அடுத்த ஆண்டு குரோமியம் திட்டமும் தன் கடுமையான பாதுகாப்புப் பிழைகளைப் பற்றி அதே அளவைத்தான் சொன்னது.

இந்தப் பிழைகளைப் பிடிக்க நான்கு தலைமுறைக் கருவிகள் வந்திருக்கின்றன. புரூஸ் பெரன்ஸ் 1987இல் எழுதிய எலக்ட்ரிக் ஃபென்ஸ், ஒவ்வொரு ஒதுக்கீட்டுக்கும் பக்கத்தில் தொடக்கூடாத ஒரு நினைவகப் பக்கத்தை வைத்தது. எல்லை தாண்டினால் வன்பொருளே நிரலைக் கொல்லும். 1990களின் தொடக்கத்தில் வந்த பியூரிஃபை, கம்பைலர் உருவாக்கிய கோப்புகளுக்குள் சோதனைக் கட்டளைகளைச் செருகியது. அது விலைக்கு விற்ற மென்பொருள். எழுதியவர்களில் ஒருவரான ரீட் ஹேஸ்டிங்ஸ் பிற்பாடு நெட்ஃபிளிக்ஸைத் தொடங்கியவர்களில் ஒருவர். 2002 ஜூலையில் ஜூலியன் சிவார்ட் வால்கிரிண்ட் 1.0ஐ ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார். பிஜிப்2 என்ற சுருக்கும் மென்பொருளை எழுதியவரும் அவரே. 2012இல் கூகுளைச் சேர்ந்தவர்கள் அட்ரஸ் சானிடைசரைக் கொண்டுவந்தார்கள். அது கம்பைலரின் உள்ளிருந்தே வேலை செய்வது.

வால்கிரிண்ட் இவற்றிலிருந்து விலகி நிற்பது ஒரே ஒரு முடிவால். அது நிரலை மாற்றச் சொல்லாது, மறுபடி கம்பைல் செய்யவும் சொல்லாது. ஏற்கெனவே உருவான நிரலை எடுத்து, அதன் இயந்திரக் கட்டளைகளைத் துண்டு துண்டாகப் படித்து, விஇஎக்ஸ் என்ற தன் இடைநிலை வடிவத்துக்கு மாற்றி, நடுவில் தன் சோதனைகளைச் சேர்த்து, மறுபடி இயந்திரக் கட்டளையாக்கி ஓட்டுகிறது. அசல் நிரலின் ஒரு கட்டளைகூட நேரடியாகச் செயலியில் ஓடுவதில்லை. அதன் புகழ்பெற்ற பகுதியான மெம்செக், நிரலின் நினைவகத்துக்கு நிகராக ஒரு நிழல் நினைவகத்தைப் பராமரிக்கிறது. ஒரு பைட்டைத் தொடலாமா என்பது ஒரு குறிப்பு. அந்தப் பைட்டின் எட்டுப் பிட்டுகளில் எவற்றுக்கு மதிப்பு வைக்கப்பட்டிருக்கிறது என்பது இன்னொரு குறிப்பு. பெரும்பாலான பைட்டுகள் தொடக்கூடாதது, மதிப்பில்லாதது, முழு மதிப்புள்ளது, அரைகுறை என்ற நான்கு நிலைகளில் ஒன்றில் அடங்கிவிடுவதால், பைட்டுக்கு 2 பிட் நிழலே போதுமாகிறது. அரைகுறைக்கு மட்டும் தனிப் பட்டியல். நிக்கலஸ் நெதர்கோட்டும் சிவார்டும் 2007இல் எழுதிய இந்த ஏற்பாடு, நான் படித்த சிக்கன வடிவமைப்புகளில் மிக அழகானவற்றில் ஒன்று.

இதற்கான விலையை வேகத்தில் கொடுக்க வேண்டும். மெம்செக்கின் கீழ் நிரல் 20 முதல் 30 மடங்கு மெதுவாக ஓடும். இழைகள் பல இருந்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்படி வடிவமைத்த ஒரு கருவி, நிரலுக்கும் கணினிக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் முழுமையாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். செயலியின் ஒவ்வொரு கட்டளையும், கெர்னலின் ஒவ்வொரு அழைப்பும், சி நூலகத்தின் தந்திரங்களும், கம்பைலர் எழுதிவைக்கும் பிழைதிருத்தத் தகவலின் வடிவமும் அதற்குத் தெரிய வேண்டும். இவற்றில் எதுவும் வால்கிரிண்ட் குழுவின் கையில் இல்லை. எல்லாம் அவரவர் போக்கில் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே இதன் முன்வெளியீட்டைச் சோதிப்பது, உள்ளே எழுதிய நிரலில் பிழை தேடுவதைவிட, வெளியுலகைப் பற்றி அது வைத்திருக்கும் கணிப்பு இன்னும் பொருந்துகிறதா என்று பார்ப்பதே.

ஒரு சரத்தின் நீளத்தை அளக்கும் ஸ்ட்ர்லென் என்ற செயல்கூறை எடுத்துக்கொள்வோம். பாடப்புத்தகத்தில் அது நாலு வரி. ஜிலிப்சியில் உள்ளது வேறு. ஒரே வீச்சில் 16 அல்லது 32 பைட்டுகளை வாரி எடுத்து, அவற்றுள் சுழியம் இருக்கிறதா என்று ஒரே கட்டளையில் பார்க்கும். சரம் முடிந்த பிறகும் கொஞ்சம் கூடுதலாகப் படித்துவிடும். ஆனால் நினைவகப் பக்கத்தின் எல்லையைத் தாண்டாது என்பதால் தீங்கில்லை. மெம்செக்கின் கண்ணுக்கு இது அப்பட்டமான எல்லை மீறல். அதனால் வால்கிரிண்ட் நிரல் தொடங்கும்போதே அந்த ஸ்ட்ர்லெனைப் பெயர் சொல்லித் தேடிப்பிடித்து, தன்னுடைய எளிய ஸ்ட்ர்லெனை அந்த இடத்தில் வைக்கிறது. பெயரைத் தேட வேண்டுமானால் பெயர்ப் பட்டியல் இருக்க வேண்டும். சில லினக்ஸ் வழங்கல்கள் இடம் மிச்சப்படுத்துவதற்காக நிரல் ஏற்றியிலிருந்து அந்தப் பட்டியலை உரித்துவிடும். அங்கே வால்கிரிண்ட், கட்டாயமாகச் செய்ய வேண்டிய ஒரு மாற்று வழியை அமைக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டு முதல் அடியிலேயே நின்றுவிடும். கருவியில் ஒரு எழுத்துகூட மாறாமல், வழங்கலின் பொதி கட்டும் முறை மாறியதாலேயே கருவி செத்துப்போகும் இடம் இது. டெபியனில் ஜிலிப்சியின் பிழைதிருத்தத் தகவல் பொதியைத் தனியே நிறுவினால் வேலை முடிந்தது. ஆனால் புதிதாக வருகிறவர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு வால்கிரிண்ட் உடைந்திருக்கிறது என்றுதான் முடிவு கட்டுவார்.

கம்பைலரும் இப்படியே. ஜிசிசி 11, 2021 ஏப்ரலில் வந்தபோது பிழைதிருத்தத் தகவலை ட்வார்ஃப் 5 வடிவத்தில் எழுதுவதை இயல்பாக்கியது. அந்த வடிவத்தைப் படிக்கத் தெரியாத கருவி, பிழை எந்தக் கோப்பில் எந்த வரியில் என்று சொல்ல முடியாமல் வெறும் முகவரிகளைக் கொட்டும். வால்கிரிண்ட் 3.17 அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச்சில், ட்வார்ஃப் 5 ஆதரவோடு வெளியாகிவிட்டது. தற்செயலாக நடந்ததல்ல. வெளிவராத கம்பைலரைக் கொண்டு வெளிவராத கருவியைச் சோதித்தவர்கள் இருந்ததால் நடந்தது.

கெர்னல் அழைப்புகள் மூன்றாவது வாசல். ஒவ்வொரு அழைப்புக்கும், அது எந்த நினைவகத்தைப் படிக்கும், எதில் எழுதும் என்று வால்கிரிண்டில் கையால் எழுதிய உறை ஒன்று உண்டு. லினக்ஸில் முந்நூற்றுக்கு மேற்பட்ட அழைப்புகள். ஆண்டுதோறும் புதியவை சேருகின்றன. உறை இல்லாத அழைப்பு வந்தால் எண்ணைச் சொல்லி எச்சரிக்கும். உறையில் எழுதும் இடத்தைக் குறிக்க மறந்திருந்தால், கெர்னல் ஒழுங்காக நிரப்பிக் கொடுத்த தரவையும் மதிப்பில்லாதது என்று பழி சொல்லும். அண்மைக் காலத்தில் லினக்ஸ் டெஸ்ட் ப்ராஜெக்ட் என்ற பெரிய சோதனைத் தொகுப்பை வால்கிரிண்டின் கீழ் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் வந்ததும், விடுபட்ட உறைகள் பல ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்தன.

செயலி விஷயத்தில் சில குறைகள் நெடுங்காலமாகவே இருக்கின்றன. ஏவிஎக்ஸ்-512 கட்டளைகளைப் பல பதிப்புகளாக வால்கிரிண்ட் அறியாமலே இருந்தது. இந்தக் கணினிக்கென்றே உகந்ததாக்கு என்று கம்பைலரிடம் கேட்டு உருவாக்கிய நிரல், அத்தகைய கட்டளை வந்த இடத்தில் நின்றுவிடும். பழைய எக்ஸ்87 கணக்கீட்டின் 80 பிட் எண்களை அது 64 பிட்டிலேயே கணிக்கிறது. அதனால் மிக நுணுக்கமான எண் கணக்குப் போடும் நிரலின் சொந்தச் சோதனைகள் கருவியின் கீழ் மட்டும் தோற்கலாம். இது கையேட்டில் ஒளிவுமறைவின்றி எழுதப்பட்ட வரம்பு. முன்வெளியீட்டில் இதைக் கண்டு புகார் எழுதுகிறவர்கள் கையேட்டைப் படித்திருந்தால் இரு தரப்புக்கும் நேரம் மிச்சம்.

கருவிக்கு என்று சொந்தச் சோதனைத் தொகுப்பு இல்லையா? இருக்கிறது, நூற்றுக்கணக்கில். மூலநிரலை விரித்து, உருவாக்கி, 'மேக் ரெக்டெஸ்ட்' என்று கொடுத்தால் எல்லாம் ஓடும். ஒவ்வொன்றும் ஒரு குட்டி நிரல், பல வேண்டுமென்றே பிழையோடு எழுதியவை; பக்கத்திலேயே கருவி என்ன சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்புக் கோப்பு. வந்த விடையையும் எதிர்பார்த்த விடையையும் ஒப்பிட்டு, கடைசியில் எத்தனை சோதனை, எத்தனை தோல்வி என்று ஒரு வரி வரும். முகவரி, செயல்முறை எண் போன்று ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுகிறவற்றை வடிகட்ட தனி நிரல்கள். கணினிக்குக் கணினி விடை மாறும் சோதனைகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட எதிர்பார்ப்புக் கோப்புகள்.

இந்தத் தொகுப்பு முழுவதும் தேறிவிடும் கணினியைக் காண்பது அரிது. ஓரிரு தோல்வி இருந்தே தீரும். அவற்றில் பல கருவியின் குற்றமே அல்ல. வேண்டுமென்றே எழுதிய பிழையைப் புதிய கம்பைலர் கண்டுபிடித்து நீக்கிவிடுகிறது என்பது இதில் வேடிக்கையான வகை. வாங்கிய நினைவகத்தை யாரும் பயன்படுத்தவில்லை என்று தெரிந்தால் கிளாங்கும் ஜிசிசியும் அந்த மாலக் அழைப்பையே தூக்கிவிடும். வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காத கசிவைக் காட்டுவதற்காக எழுதிய நிரலில் கசிவே இருக்காது. சோதனை தோற்கும், கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கும். ஆகவே 'எத்தனை தோல்வி' என்ற எண்ணை மட்டும் அனுப்புவதில் பயன் குறைவு. அதே கணினியில் முந்தைய பதிப்பு எத்தனை தோற்றது, இப்போது புதிதாகத் தோற்றது எது என்பதே செய்தி.

நிறுவுவதில் ஒரு நடைமுறை எச்சரிக்கை. முன்வெளியீட்டைக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் பதிப்பின் மேல் நிறுவக்கூடாது. மூலநிரல் அடைவிலேயே ஓட்டுவதற்கென்று ஒரு சிறு நிரலைச் சேர்த்தே தருகிறார்கள். அல்லது வேறு அடைவில் நிறுவலாம். இரண்டு பதிப்பும் அருகருகே இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

ஒப்பிடும்போது எதைப் பார்ப்பது? இங்கேதான் மௌனத்துக்கு வருகிறோம். பழைய பதிப்பு ஐந்து பிழை சொன்ன நிரலில் புதியது ஏழு சொன்னால் எல்லோரும் அந்த இரண்டைத் தேடுவார்கள். நான்கு சொன்னால், நல்லது, ஒரு பொய்ப்புகாரைத் திருத்தியிருக்கிறார்கள் என்று நகர்ந்துவிடுவார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். கம்பைலர்கள் இரண்டு நிபந்தனைகளை இடம் மாற்றிப் பார்ப்பதால் எழும் பொய்ப்புகார்களைக் குறைக்க வால்கிரிண்ட் உண்மையிலேயே நிறைய உழைத்திருக்கிறது. ஆனால் காணாமல்போன ஒவ்வொரு புகாருக்கும் காரணம் தெரியும் வரை விடக்கூடாது.

மௌனத்தின் மிக மோசமான வடிவம் நல்ல செய்தி போலவே இருக்கும். மெம்செக் தன் அறிக்கையின் முடிவில், நிரல் மொத்தம் எத்தனை முறை நினைவகம் வாங்கியது, எத்தனை முறை திருப்பிக் கொடுத்தது என்று ஒரு வரி எழுதும். மாலக்கை இடைமறித்தால்தான் அதற்கு இந்தக் கணக்குத் தெரியும். நிரலோடு நிலையாகப் பிணைத்த மாலக் என்றாலோ, ஜெமாலக் போன்ற வேறு ஒதுக்கியை உள்ளேயே கட்டிவைத்திருந்தாலோ, தனியாகச் சொல்லிக் கொடுக்காவிட்டால் இடைமறிப்பு நடக்காது. அப்போது அந்த வரி 'வாங்கியது 0, கொடுத்தது 0' என்று வரும்; தொடர்ந்து, எல்லாத் துண்டுகளும் விடுவிக்கப்பட்டன, கசிவுக்கே இடமில்லை என்று மங்களமாக முடியும். ஆயிரக்கணக்கில் ஒதுக்கீடு நடக்கும் நிரலுக்கு இப்படி நற்சான்று வந்தால் அது நற்சான்று அல்ல, கருவி எதையும் பார்க்கவில்லை என்ற ஒப்புதல். தானியங்கிச் சோதனை அமைப்புகள் பிழை எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பச்சை விளக்கு எரியவிடும். அதனால் முன்வெளியீட்டைச் சோதிப்பவர் பிழைகளுக்கு முன்பே இந்த வரியைத்தான் இரு பதிப்புகளிலும் ஒப்பிட வேண்டும். எண் இம்மி அளவு மாறினாலும் ஏன் என்று கேட்க வேண்டும். சி, சி++ தரநிலைகள் நினைவகம் வாங்கவும் விடவும் புதுப்புது வடிவங்களைச் சேர்த்துக்கொண்டே வருகின்றன. ஒன்றை இடைமறிக்கத் தவறினாலும் அந்தப் பகுதி இருட்டில் போய்விடும்.

வடிவமைப்பிலேயே உள்ள மௌனங்கள் வேறு. அடுக்கில் (ஸ்டாக்) இருக்கும் அணியின் எல்லையைத் தாண்டினால் மெம்செக் பிடிக்காது. பொது அணிகளிலும் அப்படியே. ஒதுக்கிய துண்டின் இருபுறமும் இயல்பாக 16 பைட் காவல் இடம் விடும். அதையும் தாண்டி வெகுதூரம் பாய்ந்து இன்னொரு துண்டுக்குள் இறங்கிவிட்டால் தெரியாது. விடுவித்த துண்டுகளை உடனே மறுபடி கொடுக்காமல் ஏறத்தாழ 2 கோடி பைட் வரை தடுத்து வைத்திருக்கும். அதற்குப் பிறகு பழைய சுட்டியால் தொட்டால் பிடிபடாமல் போகலாம். இவை குறைபாடுகள் என்று புகார் செய்யத் தேவையில்லை. ஆனால் முன்வெளியீட்டில் இந்த எல்லைகள் நகர்ந்திருக்கின்றனவா என்று பார்ப்பது தேவை.

கருவி பேசிய பிறகும் கேட்பவர் தவறலாம் என்பதற்கு இரண்டு பெரிய வரலாறுகள் உண்டு. முதலாவது டெபியனில் நடந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் மதிப்பு வைக்கப்படாத நினைவகம் பயன்படுகிறது என்று வால்கிரிண்ட் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. 2006இல் டெபியனுக்கான பொதியில் அந்தப் புகாருக்குக் காரணமான இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. இரண்டும் பார்வைக்கு ஒன்றே. ஒன்று, தற்போக்கு எண்ணைக் கொடுக்கும் செயல்கூறில் இருந்தது. அதை எடுத்ததால் கேடில்லை. மூல நிரலிலேயே அதன் பக்கத்தில், பியூரிஃபை முணுமுணுக்கிறது என்ற பொருளில் ஒரு குறிப்பும், அதை விலக்கிவைக்க ஏற்பாடும் இருந்தன. மற்றது, வெளியிலிருந்து வரும் தற்போக்கை உள்ளே கலக்கும் செயல்கூறில் இருந்தது. அதை எடுத்ததும் கலப்பதற்கு எதுவுமே மிஞ்சவில்லை, செயல்முறை எண் ஒன்றைத் தவிர. அதில் இயலக்கூடிய மதிப்புகள் 32,768. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ கண்டுபிடித்துச் சொல்லும் வரை, டெபியனிலும் உபுண்டு போன்ற அதன் வழிவந்தவற்றிலும் உருவாக்கிய ரகசியச் சாவிகள் அந்தச் சிறு கூட்டத்துக்குள்ளேயே இருந்தன. யாரும் ஒரு பட்டியல் போட்டுத் திறந்துவிடலாம்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் கருவியைக் குறை சொல்வதுண்டு. அதை நான் ஏற்பதில்லை. மெம்செக் மதிப்பில்லாத தரவை நகலெடுப்பதைக் குற்றமாகச் சொல்வதில்லை. நிபந்தனையிலோ முகவரியிலோ கெர்னல் அழைப்பிலோ அது பயன்படும்போதுதான் சொல்லும். ஆகவே புகார் எழும் இடம் காரணத்திலிருந்து வெகுதூரத்தில் இருக்கும். அந்தத் தூரத்தைக் கடக்க உதவும் வசதி, அதாவது மதிப்பில்லாத தரவு எங்கே பிறந்தது என்று பின்தொடர்ந்து காட்டுவது, பின்னால்தான் கருவியில் சேர்ந்தது. தீர்ப்பு சரி, அதைப் படித்து நடவடிக்கை எடுத்த விதம் தவறு.

இரண்டாவது வரலாறு நேர் எதிர். 2024 பிப்ரவரி 24 அன்று எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0 பதிப்பு வந்தது. அதை உள்வாங்கியவை பெரும்பாலும் முழு வெளியீடு காணாத வழங்கல்கள்: டெபியனின் நிலைப்படாத கிளை, ஃபெடோராவின் சோதனைப் பதிப்புகள். அங்கே வால்கிரிண்ட் எக்ஸ்இசட் நூலகத்தின் ஒரு செயல்கூறில் செல்லாத நினைவக எழுதல் என்று சொல்லத் தொடங்கியது. எக்ஸ்இசட் பராமரிப்பில் இருந்த, ஜியா டான் என்ற பெயரில் இயங்கிய ஆள், பழியைக் கம்பைலர் மேல் போட்டுச் சில மாற்றங்களைச் செய்து மார்ச் 9 அன்று 5.6.1ஐ வெளியிட்டார். புகார் அடங்கியது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வேலை செய்யும் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், எஸ்எஸ்எச் வழியே உள்நுழைவது அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் தோண்டினார். சில வாரம் முன்பு தன் தானியங்கிச் சோதனையில் வந்த விநோதமான வால்கிரிண்ட் புகாரும் அப்போது அவருக்கு நினைவுக்கு வந்தது. மார்ச் 29 அன்று அவர் அம்பலப்படுத்தியது, உலகின் எண்ணற்ற சர்வர்களுக்குள் நுழையத் திட்டமிட்டு எக்ஸ்இசட்டில் மறைத்து வைத்த பின்கதவு. அடுக்கின் அமைப்பு இப்படித்தான் இருக்கும் என்று அந்தக் கள்ள நிரல் எடுத்துக்கொண்டிருந்தது. அப்படி இல்லாத இடங்களில் எல்லை மீறியது. கருவி அதைத்தான் சொன்னது.

அந்த ஐந்து வாரங்களில் எத்தனை பேர் அந்தப் புகாரைப் பார்த்து, 'இது கருவியின் கோளாறாக இருக்கும்' என்று கடந்திருப்பார்கள்? அப்படி நினைக்கவைத்தது ஜியா டானின் சாமர்த்தியம் மட்டுமல்ல. பொய்ப்புகார்களால் சலித்துப்போன பழக்கமும்தான். முன்வெளியீட்டில் ஒரு பொய்ப்புகாரைத் திருத்துவது வெறும் வசதிக்கான வேலை போலத் தோன்றும். பொய்ப்புகார் மலிந்த கருவியில் மெய்ப்புகாரும் கேட்பாரற்றுப் போகும் என்பதால் அதற்கு இவ்வளவு எடை.

அட்ரஸ் சானிடைசர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அது சராசரியாக ஏறத்தாழ இரண்டு மடங்குக்குள்ளேயே மெதுவாகிறது. அடுக்கிலும் பொது அணிகளிலும் நடக்கும் எல்லை மீறலையும் பிடிக்கிறது. புதிதாகத் தொடங்கும் திட்டத்துக்கு நானும் அதைத்தான் முதலில் சொல்வேன். ஆனால் மூலநிரல் கையில் இல்லாத நூலகத்தையும், மறுபடி கம்பைல் செய்ய முடியாத பழைய நிரலையும் அது தொட முடியாது. மதிப்பு வைக்கப்படாத நினைவகத்தைப் பார்க்கத் தனியாக மெமரி சானிடைசர் வேண்டும். அதற்கு நிரல் தொடும் நூலகங்கள் அனைத்தையும் அதே முறையில் கம்பைல் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் பொய்ப்புகார் குவியும். ரஸ்ட் மொழி இந்தப் பிழைகளில் பலவற்றைப் பிறக்கும் முன்பே தடுக்கிறது. அங்கும் பாதுகாப்பற்றது என்று குறித்த பகுதிகளும் சி நூலகங்களை அழைக்கும் இடங்களும் மிஞ்சுகின்றன. ஏற்கெனவே உலகில் ஓடிக்கொண்டிருக்கும் சி நிரல்கள் ஒரே நாளில் மறையப்போவதும் இல்லை.

யார் சோதிக்கிறார்கள் என்பதுதான் பலவீனமான இடம். ஃபெடோரா, டெபியன் போன்ற வழங்கல்களின் பொதி பராமரிப்பாளர்கள் செய்கிறார்கள். ஃப்ரீபிஎஸ்டி, ஐபிஎம் மெயின்பிரேம் போன்ற தளங்களுக்கு ஆதரவு எழுதியவர்கள் தங்கள் தளத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். இரவுதோறும் தானாக ஓடும் சோதனைகள் உண்டு. ஆனால் தினம் இதைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் பெரும்பாலும் வழங்கல் எப்போது கொடுக்கிறதோ அப்போது எடுத்துக்கொள்கின்றன. வெளியீட்டுக்குப் பிறகு கிடைக்கும் புகார்கள், முன்வெளியீட்டிலேயே கிடைத்திருக்க வேண்டியவை. ஃப்ரீபிஎஸ்டி ஆதரவோடு 3.18.0 வந்தது 2021 அக்டோபரில். திருத்தப் பதிப்பான 3.18.1ஐ அதே மாதத்திலேயே கொண்டுவர வேண்டியிருந்தது.

புகார் எழுதும் முறையும் இதன் ஒரு பகுதி. வழங்கல் எது, கெர்னல், கம்பைலர், ஜிலிப்சி பதிப்புகள் எவை, செயலி எது, பழைய பதிப்பில் இதே நிரலுக்கு என்ன விடை வந்தது என்பதெல்லாம் முதல் மடலிலேயே வேண்டும். நிறுவனத்தின் பெரிய நிரலைக் கொடுக்க முடியாது என்றால், அதே கோளாறைக் காட்டும் பத்து வரி நிரல் போதும். அந்தப் பத்து வரி, திருத்தம் முடிந்த பிறகு, ஓர் எதிர்பார்ப்புக் கோப்போடு கருவியின் சோதனைத் தொகுப்பிலேயே போய்ச் சேரலாம். பிறகு ஒவ்வொரு 'மேக் ரெக்டெஸ்டி'லும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

3.25, 2025 ஏப்ரலில் வந்தபோது ரிஸ்க்-வி செயலிகளுக்கான லினக்ஸ் ஆதரவு சேர்ந்தது. ஒரு புதிய செயலிக் குடும்பம் என்றால் அத்தனை கட்டளைகளுக்கும் புதிதாக எழுதிய மொழிபெயர்ப்பு. அந்த வகைப் பலகை ஒன்று மேசையில் வைத்திருப்பவர்கள் உலகில் இன்னும் குறைவு; அவர்களில் மூலநிரலிலிருந்து ஒரு முன்வெளியீட்டை உருவாக்கி, தங்கள் நிரலை ஓட்டி, அந்த ஒதுக்கீட்டுக் கணக்கு வரியைப் பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் குறைவு. எக்ஸ்86இல் இருபது ஆண்டுக்கு மேலாகப் பலர் சேர்ந்து தேய்த்துச் சீராக்கிய வேலையை அங்கே சிலர் இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்கள்.